பட்டப்படிப்பின் விலையும் பயனும்: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

மகளுக்குப் பள்ளிப்படிப்பு முடிகிறது. உடனே சேரக்கூடிய ஒரு வேலை கைவசம் இருக்கிறது. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு ஒன்றில் இடமும் கிடைத்திருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைத்தால் அந்தப் பணம் திரும்பி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்வியைப் பணத்தால் அளப்பது சரிதானா என்ற தயக்கமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. தயங்க வேண்டாம். கடனும் வட்டியும் பணத்தால்தான் அளக்கப்படுகின்றன, அவற்றை அடைக்கப்போகிறவர் உங்கள் மகள். ஆகவே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவருக்கு நீங்கள் செய்யும் கடமைகளில் ஒன்று. கல்வி தரும் அறிவும் மனவிரிவும் இந்தக் கணக்கில் வராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்ட நிதிப் பக்கத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகள் கல்விக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பணியில் இருந்தவன். எதிரில் அமரும் பெற்றோரின் கையில் பெரும்பாலும் கல்லூரி கொடுத்த கட்டணப் பட்டியல் இருக்கும். அதன் கடைசி வரியிலுள்ள கூட்டுத்தொகைதான் படிப்பின் விலை என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் எங்குமே எழுதப்படாத ஒரு செலவு பல சமயங்களில் அதைவிடப் பெரியது. படிக்கும் ஆண்டுகளில் மாணவர் சம்பாதித்திருக்கக்கூடிய, படிப்புக்காகக் கைவிடுகிற ஊதியம் அது.

எந்த நாட்டு நாணயத்துக்கும் பொருந்தும்படி ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். இப்போது கைவசம் உள்ள வேலையின் ஆண்டு ஊதியம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக் கட்டணம், புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60. நான்கு ஆண்டுகளுக்கு நேரடிச் செலவு 240. அதே நான்கு ஆண்டுகளில் கைவிட்ட ஊதியம் 400. ஆக, படிப்பின் உண்மையான செலவு 640. அதில் கட்டணத்தின் பங்கு எட்டில் மூன்றுதான். கட்டணமே வாங்காத கல்லூரியில் சேர்ந்தாலும் 400 செலவாகிறது என்பதை இங்கே கவனியுங்கள். உணவும் உடையும் படித்தாலும் படிக்காவிட்டாலும் தேவைப்படுபவை என்பதால் அவற்றை நான் சேர்க்கவில்லை. விடுதியில் தங்கினால், வீட்டில் இருப்பதைவிடக் கூடுதலாக ஆகும் தொகையை மட்டும் சேர்க்க வேண்டும். விடுதிச் செலவு முழுவதையும் கல்வியின் தலையில் எழுதுவது பலரும் செய்யும் பிழை.

கைவிட்ட ஊதியத்தைச் செலவாக எண்ணுவது என் சொந்தக் கருத்து அல்ல. நீண்ட உழைப்பும் காலமும் செலவிட்டுக் கல்வி பெற்ற மனிதரை விலையுயர்ந்த இயந்திரத்துக்கு ஒப்பிட்டு, அந்தச் செலவை அவருடைய ஊதியம் ஈடுகட்ட வேண்டும் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதினார். அதைக் கணக்காக மாற்றியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ். 1960-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களின் கூட்டமைப்பில் அவர் ஆற்றிய தலைமையுரையில் கல்விச் செலவை முதலீடாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். உயர்கல்வியின் மொத்தச் செலவில் பாதிக்கும் மேற்பட்டது மாணவர்கள் கைவிட்ட வருமானமே என்றும் காட்டினார். கல்வியால் மனிதருக்குள் சேரும் திறமையும் ஒரு மூலதனமே என்று பார்க்கும் ‘மனித மூலதனம்’ என்ற கருத்துக்கு கேரி பெக்கர் 1964-இல் முழு வடிவம் கொடுத்தார். இருவரும் பின்னாளில், முறையே 1979-இலும் 1992-இலும், நோபல் பரிசு பெற்றார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொருளாதாரப் பாடத்தில் உள்ள இந்த எளிய உண்மை, சேர்க்கை நேரத்தில் வீடுகளில் நடக்கும் பேச்சுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இனி வரவுப் பக்கம். பட்டம் பெற்றபின் ஆண்டு ஊதியம் 150 என்று வைத்துக்கொள்வோம். 22 வயதில் வேலைக்குச் சேர்ந்து 62 வயது வரை உழைத்தால், ஆண்டுக்கு 50 வீதம் 40 ஆண்டுகளில் 2000 கூடுதலாக வருகிறது. அதில் 640-ஐக் கழித்தால் 1360 மிச்சம். பட்டப்படிப்பால் வாழ்நாளில் இவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று சொல்லும் பெரிய எண்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. இதிலுள்ள பிழை காலத்தைப் பற்றியது. செலவு முழுவதும் முதல் நான்கு ஆண்டுகளில் கையைவிட்டுப் போகிறது. வரவோ நாற்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாக வருகிறது. முப்பது ஆண்டுகள் கழித்து வரும் 50-ம் இன்று கையிலிருக்கும் 50-ம் ஒன்றல்ல, ஏனென்றால் இன்றைய 50-ஐ வேறொன்றில் போட்டிருந்தால் அது இதற்குள் வளர்ந்திருக்கும்.

ஆகவே எதிர்காலத்தில் வரும் ஒவ்வொரு தொகையையும் அது எத்தனை ஆண்டுகள் தள்ளி வருகிறதோ அதற்கேற்பக் குறைத்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். குறைக்கும் வேகத்தைக் கழிவு விகிதம் என்கிறோம். என் உதாரணத்தில், பணவீக்கத்தை நீக்கிய கழிவு விகிதம் 3 சதவீதம் என்றால், செலவின் இன்றைய மதிப்பு சுமார் 613, வரவின் இன்றைய மதிப்பு சுமார் 1058. நிகர இலாபம் 445. விகிதம் 6 சதவீதம் என்றால் இலாபம் 44 ஆகச் சுருங்குகிறது. 7 சதவீதத்தில் 36 நட்டம். 1360 என்று தொடங்கிய அதே படிப்பு, அதே ஊதியம். இடையில் ஏறக்குறைய 6.5 சதவீதத்தில் இலாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கிறது. அதுவே இந்தப் படிப்பு என்ற முதலீடு ஈட்டும் ஆண்டு வருவாய் விகிதம். உங்களுக்குக் கிடைக்கும் கடனின் வட்டியையோ, சேமிப்பு வேறெங்காவது ஈட்டக்கூடிய வருவாயையோ இந்த விகிதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதைச் செய்யும்போது ஒரு கலப்படம் நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊதியங்களை நான் விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுக்காமல் இன்றைய விலையில் எழுதியிருக்கிறேன்; எனவே வட்டியிலிருந்தும் பணவீக்கத்தைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும். வருங்கால ஊதியத்தை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தி எழுதுபவர், வட்டியை முழுதாக எழுத வேண்டும். ஒன்றை ஒரு முறையிலும் மற்றொன்றை வேறு முறையிலும் எழுதினால் விடை எந்தப் பக்கமும் சாயலாம். ஊதியத்தை வரி போக எடுக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. மேலும், இப்போதே வேலைக்குச் செல்பவர் நான்கு ஆண்டு அனுபவமும் அதற்கான ஊதிய உயர்வும் பெற்றிருப்பார்; பட்டதாரி சேரும் முதல் நாளில் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 50 இருக்காது, அது சிறிதாகத் தொடங்கிப் பின்னால் விரியும். தள்ளி வருவதன் இன்றைய மதிப்பு குறைவு என்பதால், இந்தத் திருத்தமும் இலாபத்தைச் சற்றுக் குறைக்கவே செய்யும். படித்த ஆண்டுகளையும் பணி அனுபவத்தையும் ஒரே சமன்பாட்டில் வைத்து ஊதியத்தை விளக்கும் முறையை ஜேக்கப் மின்சர் 1974-இல் நிறுவினார். இன்றும் உலகெங்கும் இந்த ஆய்வுகள் அந்தச் சமன்பாட்டின் மேல்தான் நிற்கின்றன.

அந்த முறையில் 139 நாடுகளில் 1950 முதல் 2014 வரை செய்யப்பட்ட மதிப்பீடுகளைத் தொகுத்து சாக்கரோபூலஸ், பாட்ரினோஸ் என்ற இருவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிமனிதரின் ஊதியம் உலகச் சராசரியாகச் சுமார் 9 சதவீதம் உயர்கிறது. கூட்டு வட்டியைப் போல நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 100 என்பது 141 ஆகும். நான் எடுத்துக்கொண்ட 150 அதற்குச் சற்று மேலே இருக்கிறது. 141 என்று வைத்தால் 3 சதவீதக் கழிவில் இலாபம் 445-இலிருந்து சுமார் 255-ஆகக் குறையும். உங்கள் நாட்டில், உங்கள் மகள் எடுக்கப்போகும் துறையில் இந்த எண் என்ன என்பதைத் தேடுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. துறை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாணவர் சேர்க்கை முழுவதும் ஒரே மையத்தில் மதிப்பெண் அடிப்படையில் நடக்கும் நார்வேயின் தரவுகளை வைத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எந்தத் துறையைப் படிக்கிறோம் என்பது ஊதியத்தைப் பெரிய அளவில் மாற்றுகிறது என்றும், அதை ஒப்பிட எந்தக் கல்லூரியில் படிக்கிறோம் என்பதன் தாக்கம் சிறியது என்றும் கண்டது. குடும்பங்கள் கவலைப்படுவது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது: கல்லூரியின் பெயருக்காகப் பொருந்தாத துறையை ஏற்றுக்கொள்கிறார்கள்.

இந்த ஊதிய வித்தியாசம் உண்மையிலேயே படிப்பால் வருகிறதா என்று நீங்கள் கேட்கலாம்; கேட்க வேண்டிய கேள்விதான். கல்லூரிக்குச் செல்பவர்கள் ஏற்கெனவே திறமையும் குடும்ப ஆதரவும் கொண்டவர்களாக இருக்கக்கூடும். அவர்கள் படிக்காமல் இருந்திருந்தாலும் பிறரைவிட அதிகம் சம்பாதித்திருக்கலாம். இதைப் பிரித்தறிய டேவிட் கார்ட் 1995-இல் ஒரு நல்ல வழியைக் கையாண்டார். கல்லூரி அருகிலுள்ள ஊரில் வளர்ந்தவர்கள், தொலைவில் வளர்ந்தவர்களைவிட அதிகம் படிக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் கல்லூரி இருப்பதால் மட்டும் ஒருவர் பிறவியிலேயே திறமைசாலி ஆகிவிடுவதில்லை. அந்தத் தூரம் உண்டாக்கிய வேறுபாட்டை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, கல்வியின் பயன் எளிய ஒப்பீடு காட்டியதைவிடக் குறையவில்லை. வசதி குறைந்த குடும்பப் பிள்ளைகளின் விஷயத்தில்தான் இந்தத் தூரம் அதிகம் வேலை செய்தது. 2021-இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இத்தகைய ஆய்வுகளும் காரணம்.

புகழ்பெற்ற கல்லூரிக்காகப் பல மடங்கு கட்டணம் கொடுக்கலாமா என்பதற்கும் ஏறக்குறைய நேரடியான விடை உண்டு. ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான கல்லூரிகளில் விண்ணப்பித்து, ஒரே மாதிரி அனுமதியும் நிராகரிப்பும் பெற்ற அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்டார்கள். அப்படி ஒப்பிட்டபோது, கடினமான சேர்க்கை கொண்ட கல்லூரியைத் தேர்ந்தவர்களும் அதைவிட எளிய கல்லூரிக்குச் சென்றவர்களும் சராசரியாக ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதித்தார்கள். உயர்ந்த கல்லூரியில் இடம் பெறும் தகுதி மாணவரோடு கூடவே சென்றது. விதிவிலக்கு, வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள்: அவர்களுக்குப் பெயர்பெற்ற கல்லூரி உண்மையான ஊதிய உயர்வைத் தந்தது. வீட்டில் இல்லாத தொடர்புகளை அவர்களுக்கு அந்தக் கல்லூரி தந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். உங்கள் குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்குச் செல்பவர் உங்கள் மகள் என்றால், இந்த விதிவிலக்கு உங்களுக்கானது.

சராசரி என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள். பட்டதாரிகளின் சராசரி ஊதியம் 150 என்பது உண்மையாக இருக்கும்போதே, அது பத்தில் ஒன்பது பேருக்குப் பொய்யாக இருக்கலாம். ஒரு வகுப்பில் ஒன்பது பேர் 120-ம் ஒருவர் 420-ம் சம்பாதித்தால் சராசரி 150 வரும். அந்த ஒன்பது பேருக்குக் கூடுதல் வருமானம் ஆண்டுக்கு 20 மட்டுமே. 3 சதவீதக் கழிவில் அதன் இன்றைய மதிப்பு 423, செலவு 613. ஒவ்வொருவருக்கும் 190 நட்டம். ஆகவே கல்லூரியில் விசாரிக்கும்போது சராசரியையும் மிக உயர்ந்த ஊதியத்தையும் கேட்காமல், வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மாணவரின் ஊதியம் என்ன, கீழே கால்பங்கில் நிற்பவரின் ஊதியம் என்ன என்று கேளுங்கள். நூறு சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது என்று சொன்னால், எந்த நூறு பேர் என்று கேளுங்கள்: முதலாண்டில் சேர்ந்தவர்களா, கடைசி ஆண்டில் தேர்ச்சி பெற்றவர்களா, வேலைவாய்ப்பு முகாமுக்குப் பெயர் பதிவு செய்தவர்களா? மூன்றும் மூன்று வேறு எண்கள். முதலாண்டில் சேர்ந்தவர்களை அடிப்படையாகக் கொண்ட எண் ஒன்றே உங்களுக்குப் பயன்படும், ஏனென்றால் உங்கள் மகள் இப்போது நிற்பது அந்த இடத்தில்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், என் அனுபவத்தில் குடும்பங்களைச் சாய்த்த கடன்களில் மிகப் பல, பெரிய கட்டணத்தால் வந்தவை அல்ல. முடிக்கப்படாத படிப்பால் வந்தவை. நான்காண்டுப் படிப்பை இரண்டாம் ஆண்டின் முடிவில் விட்டுவிட்டவரின் செலவு, என் உதாரணத்தில், அதே 3 சதவீதக் கழிவில், இன்றைய மதிப்பில் 315. பதிலுக்கு அவர் பெறுவது மிகக் குறைவு. படிப்பில் பாதியை முடித்ததால் பட்டத்தின் ஊதியத்தில் பாதி கிடைத்துவிடாது. பட்டம் பெறும் கடைசி ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டுகளைவிட அதிக ஊதிய உயர்வைத் தருகிறது என்பதை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் முன்வைத்த விளக்கம் இதற்குப் பொருந்துகிறது. வேலை தருபவரால் விண்ணப்பதாரரின் திறமையை நேரில் அளக்க முடிவதில்லை. எடுத்த காரியத்தைக் கடைசிவரை செய்து முடிக்கக்கூடியவர் என்பதற்கு அடையாளமாக அவர் பட்டச் சான்றிதழைப் பார்க்கிறார். முடிக்காதவரிடம் பாடங்கள் இருக்கலாம், அந்த அடையாளம் இல்லை. கல்வி உண்மையில் திறமையை வளர்க்கிறதா, இருக்கும் திறமையைக் காட்ட மட்டும் செய்கிறதா என்பது ஒரு நாட்டின் கல்விக் கொள்கைக்கு மிக முக்கியமான விவாதம். உங்கள் மகளுக்கு இரண்டும் ஒரே ஊதியமாகத்தான் கைக்கு வரும், பட்டம் கைக்கு வந்தால்.

எனவே முடிக்காமல் போகும் வாய்ப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முடித்தால் 445 இலாபம், பாதியில் நின்றால் 315 நட்டம் என்று வைத்து, அந்தக் கல்லூரியில் பத்தில் மூன்று பேர் முடிப்பதில்லை என்றால், சேரும் நாளில் எதிர்பார்க்கக்கூடிய இலாபம் சுமார் 217 மட்டுமே. பாதிக்கும் மேல் கரைந்துவிட்டது. பத்தில் ஆறு பேர் முடிப்பதில்லை என்றால் எதிர்பார்ப்பு நட்டத்துக்குள் போய்விடுகிறது. முடித்தாலும் தாமதமாக முடிப்பது உண்டு. நான்காண்டுப் படிப்பு ஐந்தாண்டுகள் நீண்டால், இன்னோர் ஆண்டுக் கட்டணம், இன்னோர் ஆண்டு கைவிட்ட ஊதியம், ஓர் ஆண்டு குறைந்த வரவு ஆகிய மூன்றும் சேர்ந்து இலாபத்தை 445-இலிருந்து சுமார் 259-க்கு இறக்குகின்றன. படித்து முடித்தபின் வேலைக்காக ஓர் ஆண்டு காத்திருந்தால் சுமார் 312-க்கு இறங்கும். இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை, குறைவாகப் படித்தவர்களிடம் இருப்பதைவிட அதிகமாக உள்ள நாடுகளும் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்கள் இந்தக் காத்திருப்பைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். கட்டணத்தில் பத்து சதவீதச் சலுகை பெறுவதால் மிச்சமாவது மொத்தத்தில் 24. குறித்த காலத்தில் முடிப்பதன் மதிப்போடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது கடன். நேரடிச் செலவான 240 முழுவதையும் ஆண்டுக்கு 60 வீதம், 10 சதவீதக் கூட்டு வட்டியில் வாங்குகிறீர்கள், படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்று வைத்துக்கொள்வோம். தவணை இல்லாத காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் உணர்வதில்லை. நான்கு ஆண்டுகளின் முடிவில், ஒரு தவணைகூடக் கட்டத் தொடங்காத நிலையில், கடன் 306 ஆகியிருக்கும். இன்னோர் ஆண்டு அவகாசம் கொடுத்தால் 337. 306-ஐப் பத்து ஆண்டுகளில் அடைக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 50 கட்ட வேண்டும். பட்டத்தால் வரும் கூடுதல் ஊதியமும் 50 தான் என்பதை நினைவுபடுத்துகிறேன்: முதல் பத்து ஆண்டுகளுக்குக் கல்வியின் பலன் முழுவதும் கடன் கொடுத்தவருக்குப் போகிறது, உங்கள் மகள் கையில் படிக்காதவர் வாங்கும் அதே 100 தான் மிஞ்சுகிறது. காலத்தைப் பதினைந்து ஆண்டுகளாக நீட்டினால் ஆண்டுத் தவணை 40 ஆகக் குறையும், மொத்தமாகக் கட்டும் தொகையோ சுமார் 500-இலிருந்து 604 ஆகும். விலைவாசியோடு ஊதியமும் உயர்ந்துகொண்டே போனால், மாறாத தவணையின் சுமை ஆண்டுக்கு ஆண்டு இலேசாகும் என்பது ஆறுதல். ஆனால் நெருக்கடி வருவது முதல் மூன்று நான்கு ஆண்டுகளில்தான். வட்டியை மட்டுமாவது படிக்கும்போதே மாதாமாதம் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். 306 என்று தொடங்க வேண்டியது 240 என்று தொடங்கும்.

கடனின் அளவைவிட அதன் வடிவம் சில சமயம் முக்கியமாகிவிடுகிறது. சாதாரணக் கடனில் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை ஒன்றே. கல்வியில் முதலீடு செய்பவர் தன் எதிர்கால வருமானத்தை அடமானமாக வைக்க முடியாததால், இந்தச் சந்தை தானாகச் சரியாக இயங்காது என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-இல் எழுதி, வருமானத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் முறையை யோசனையாகச் சொன்னார். அதை நாடு தழுவி முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஆஸ்திரேலியா. 1989 முதல் அங்கே மாணவர் தன் பங்கைப் படிப்புக்குப் பின், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய ஆண்டுகளில் மட்டும், வருமான வரியோடு சேர்த்துச் செலுத்துகிறார். சந்தை வட்டிக்குப் பதிலாக விலைவாசிக்கேற்பக் கடன் உயர்த்தப்பட்டு வந்திருக்கிறது. இங்கிலாந்திலும் இதே வகை முறை உண்டு. அங்கே 2012-க்குப் பின் சேர்ந்தவர்களின் மிச்சக் கடன் முப்பது ஆண்டுகளில் தள்ளுபடியாகும் என்று இருந்தது, 2023 முதல் சேர்பவர்களுக்கு நாற்பது ஆண்டுகள் என்று நீட்டப்பட்டது. இத்தகைய கடன் கிடைக்கும் நாட்டில் நீங்கள் இருந்தால், நான் மேலே சொன்ன நட்டங்களில் ஒரு பகுதியை அரசு தாங்கிக்கொள்கிறது. அப்போது துணிந்து இறங்கலாம். இல்லையென்றால், ஜாமீன் கையெழுத்துப் போடும் நீங்கள் அந்த இடத்தில் நிற்கிறீர்கள். வீட்டையோ முதுமைக்கான சேமிப்பையோ பிணையமாக வைக்கும் முன், கீழே கால்பங்கில் நிற்கும் பட்டதாரியின் ஊதியத்தில் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். அந்த ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணையே விழுங்கும் என்றால் நான் அந்தக் கடனைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் நிலையில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, அதை நீங்கள் குறிப்பிடவில்லை. இப்போது கிடைத்திருக்கும் வேலையில் சேர்ந்து, பகுதிநேரமாகவோ தொலைநிலையிலோ படிப்பது. பெரிய செலவு கைவிட்ட ஊதியம்தான் என்பதால், அதைக் கைவிடாமல் படிப்பவரின் கணக்கு வியக்கத்தக்க அளவில் மாறுகிறது. அதே 240 கட்டணத்தை ஆறு ஆண்டுகளில் ஆண்டுக்கு 40 வீதம் கட்டி, முழு ஊதியமும் வாங்கிக்கொண்டே பட்டம் பெற்று, பின்னர் 38 ஆண்டுகள் அதே 50 கூடுதலாகப் பெற்றால், இன்றைய மதிப்பில் இலாபம் சுமார் 747. முழுநேரப் படிப்பின் 445-ஐவிட மிக அதிகம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்தப் பட்டத்தை வேலை தருபவர்கள் முழுநேரப் பட்டத்துக்கு இணையாக மதிக்க வேண்டும். எல்லாத் துறையிலும் மதிப்பதில்லை, மருத்துவம் போன்ற துறைகளில் இந்த வழியே கிடையாது. இரண்டாவது, ஆறு ஆண்டுகள் வேலையும் படிப்பும் சேர்ந்து நடக்க வேண்டும். களைப்பும் குடும்பப் பொறுப்பும் இடையில் வந்து சேர்வதால், இப்படிப் படிப்பவர்களில் முடிக்காமல் விடுபவர்கள் முழுநேர மாணவர்களைவிட அதிகம். ஆனால் ஒரு வேறுபாட்டைப் பாருங்கள்: இவர் பாதியில் நின்றால் இழப்பது கட்டிய கட்டணத்தை மட்டுமே, முழுநேர மாணவர் ஊதியத்தையும் சேர்த்து இழக்கிறார். மகளுக்கு எந்தத் துறை வேண்டும் என்பதில் இன்னும் தெளிவு வரவில்லை என்றால், ஓர் ஆண்டு அந்த வேலையில் இருந்துவிட்டு முடிவு செய்வதும் வீணல்ல. கல்லூரியில் தரும் இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க அனுமதிப்பார்களா என்று முதலில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

முழுநேரப் படிப்பு என்றே முடிவு செய்தால், சேர்ந்தபின் இந்தக் கணக்கை மறுபடியும் போட வேண்டிய நேரம் வரும் என்பதை இப்போதே மகளிடம் சொல்லிவையுங்கள். இரண்டு ஆண்டுகள் முடிந்த நிலையில் நிற்கும் மாணவருக்கு, போன 320 எந்த முடிவெடுத்தாலும் திரும்பி வராது. அதை மறந்துவிட்டு, இனி ஆகும் செலவையும் இனி வரும் வரவையும் மட்டும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மிச்சமுள்ள இரண்டு ஆண்டுகளின் நிகர மதிப்பு, அன்றைய நிலையில், சுமார் 807. தொடக்கத்தில் நின்று பார்த்த 445-ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு. மேலே சொன்ன, ஆண்டுக்கு 20 மட்டும் கூடுதலாகப் பெறப்போகும் ஒன்பது பேரில் ஒருவராக இருந்தாலும், சேர்ந்ததே நட்டம் என்ற நிலையிலும், பாதி வந்தபின் முடிப்பது அவருக்குச் சுமார் 133 இலாபம். சேரலாமா என்ற கேள்விக்கும் முடிக்கலாமா என்ற கேள்விக்கும் விடைகள் வேறு வேறாக இருக்க முடியும். கடினமான முதல் பருவத்தின் முடிவில், பாடம் பிடிக்கவில்லை, துறை பொருந்தவில்லை என்று தெரிந்தால் விலகுவது அறிவுடைய முடிவாக இருக்கலாம். மூன்றாம் ஆண்டில் ஒரு சிறிய வேலைக்காக விலகுவது அநேகமாக எப்போதும் நட்டம்.

நான் பார்த்தவரை மூன்றாம் ஆண்டில் நின்றுபோனவர்கள் விரும்பி நின்றவர்கள் அல்ல. வீட்டில் நோய், தந்தையின் வேலை இழப்பு, கடனில் சேராத கட்டண உயர்வு என்று ஒப்பீட்டளவில் சிறிய தொகையொன்று இல்லாமல் போய்த்தான் பலருடைய படிப்பு நின்றது. அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது: கடனுக்கு விண்ணப்பிக்கும்போது நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்குங்கள், கட்டணம் உயர்ந்தால் கடன் வரம்பும் உயருமா என்று கேளுங்கள், உங்கள் சேமிப்பை முதலாண்டுக் கட்டணத்தில் கொட்டிவிடாமல் கடைசி ஆண்டுக்குத் தேவையான தொகையைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டு மகளைச் சேர்த்துவிடுங்கள்.